பெட்டிக்குப் பாலாலயம்

1

இண்டூரில் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும், தருமபுரிப் பக்கம் இதை எடுத்துப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஜெர்மனியிலிருந்து ஒரு கும்பிடு. நீங்கள் எல்லாரும் நல்லா இருக்கணும். நான் ரொம்ப நல்லா இருக்கேன். எவ்வளவு நல்லா என்றால், போன வெள்ளிக்கிழமையிலிருந்து காபியில் உப்பைப் போடுகிறேன், பஸ்ஸில் எதிர்சீட்டு ஆளைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரிக்கிறேன். இந்த ஊரில் அப்படிச் சிரித்தால் ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார். போனார். போகட்டும்.

அப்படி என்ன நடந்துபோச்சு என்று கேட்பீர்கள். எங்கள் முருகன் கோயிலில் இருக்கும் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்ப எரியவிட்டேன். இவ்வளவுதாங்க. ஒரு பட்டனைத் தட்டின கதைக்கு இத்தனை பக்கமா என்று சிரிக்க வேண்டாம். அதைத் தட்டுவதற்குள் மூணு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

2

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரருக்கு இங்கே கல் பட்டறையில் வேலை. நம்ம பக்கத்துக் கருங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்து, அறுத்து, பாலிஷ் போட்டு, இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லறைக் கல்லாக விற்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் முன்னால் அந்தக் கல் பின்னாலேயே நாங்களும் வந்தோம். அப்போது எங்கள் மகள் கார்த்திகாவுக்கு அஞ்சு வயசு.

கோயில் என்றால் கோபுரத்தைத் தேடாதீர்கள். முன்னே டயர் குடோனாக இருந்த தகரக் கொட்டகை. மழைநாளில் இன்னும் லேசாக ரப்பர் வாசம் வரும். உள்ளே முருகன், வள்ளி தெய்வானையோடு ஜம்மென்று நிற்கிறார். இலங்கைத் தமிழ்க்காரங்க கூடிக் கட்டினது, எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் திறந்து, கூட்டி, விளக்கேற்றுவது என் வேலை. சம்பளம் கிடையாது, நானும் கேட்டதில்லை.

ராத்திரியும் ஒரு விளக்கு எரியணும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தீயணைப்புப் பிரிவிலிருந்து ஒரு ஆபீசர் சோதனைக்கு வந்தார். ஆள் இல்லாமல் தீ எரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் பாஷையில், "ஆள் இல்லாம இல்லீங்க, ராத்திரி முருகன் இங்கதான் குடியிருக்கார்" என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ரெண்டு வாரத்தில் கடுதாசி வருகிறது, ‘திருவாளர் முருகன்’ பேருக்கு. இந்த விலாசத்தில் தங்குகிறவர் இதுவரை முனிசிபல் ஆபீசில் பேரைப் பதியவில்லையாம், அடையாளத் தாளோடு உடனே நேரில் வரணுமாம். அதை நேர்செய்ய மூன்று முறை நம்பர் சீட்டு எடுத்துக் காத்திருந்தேன். மூன்றாவது தடவை அங்கே இருந்த அம்மா, "அவர் எப்போ வருவார்?" என்று கேட்டாள். "கூப்பிட்டா வருவார்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

விளக்கு இல்லை என்று ஆனதும், கமிட்டிக்காரர் ஒருவர் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். சாமிக்கு எதிரே ஒரு கேமரா. ராவும் பகலும் முருகனோட தரிசனம் நேரலையாகப் போகும், உலகத்தில் எங்கிருந்தும் போனில் பார்க்கலாம். அவர் வேலை மாறி வேறு ஊர் போகும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அக்கா, இதை அணைச்சிராதேங்கோ."

எனக்கு அது வேதவாக்கு. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆயுத பூஜைக்கு மாலை போட்டேன். நாள் போகப் போக அதுதான் என் அணையா விளக்கு ஆகிவிட்டது.

3

கார்த்திகா கோயிலுக்கு வருவதை நிறுத்திப் பல வருஷம். சண்டையெல்லாம் இல்லை. ‘வேலை இருக்கும்மா’ என்பாள், அவ்வளவுதான். கட்டிக்கொண்டதும் இந்த ஊர்ப் பையனை. நல்ல பையன். ராகிக்களியைக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிடுவான், அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

அவள் செய்கிற வேலையைச் சொந்தத்தில் விளக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கம்ப்யூட்டருக்கு உள்ளே கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று உலகம் பூரா தேடுகிறார்கள். கண்டுபிடித்தால் அடைத்து, அப்டேட் என்று எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். அடைக்கிற கூட்டத்தில் இவளும் ஒருத்தி. இண்டூரில் இருக்கிற என் தம்பி மாதையனிடம் சொன்னேன்.

"ஓட்டை அடைக்கிற வேலைக்கா ஜெர்மனி வரைக்கும் போச்சு பாப்பா? பென்னாகரம் ரோட்ல நம்ம பஞ்சர் கடைக்காரன் உக்காந்த எடத்துலயே அடைக்கிறானே!"

"வாயை மூடுடா. அவ அடைச்சா ஊர் உலகத்துக்கே அடையும்."

"அப்ப எங்க வூட்டு ஓட்டுலயும் ஒண்ணு ஒழுவுது, சொல்லி வையி."

கார்த்திகாவுக்குப் போன வருஷம் ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, மூணாம் மாசத்தில் போய்விட்டது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வருஷம் மறுபடி உண்டானாள். சேதி சொன்ன அன்றைக்கே ஓடிப்போய் முருகன் முன்னால் விழுந்தேன். ‘அப்பனே, விளக்கு வைக்கத்தான் விடமாட்டேங்கிறாங்க. இந்தப் பெட்டிதான் உன் விளக்கு. என் மக குழந்தையைக் கையில வாங்குற வரைக்கும் உன் தரிசனம் ஒரு நிமிஷம் தடைபடாமப் பாத்துக்கறேன். நீ அவளைப் பாத்துக்க’ என்று வேண்டிக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது.

அந்தப் பெட்டியின் திரையில் ஓரமாக ஒரு செய்தி அப்பப்போ வரும். மறுபடி தொடங்க வேண்டும், இப்போதா, பிறகா என்று கேட்கும். நான் ‘பிறகு’ என்பதைத் தட்டிவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வேன். இப்படியே மாசம் ஆறுக்கு மேல் ஓடிப்போச்சு.

4

போன செவ்வாய்க்கிழமை கார்த்திகா போன் பண்ணினாள். எட்டாம் மாசம் நடக்கிறது, மூச்சு வாங்கிப் பேசினாள்.

"அம்மா, கோயில் பெட்டி திரையில கர்னல்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அதைப் படி."

படித்தேன். அந்தப் பக்கம் பட்பட்டென்று எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம்.

"ஏண்டி, என்னாச்சு?"

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"அய்யோ அம்மா! நான் ரெண்டு மாசமா ராப்பகலா எந்த ஓட்டைக்காக ஒக்காந்தேனோ அதே ஓட்டைம்மா! வெளியில விடற வரைக்கும் எங்க வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடல. நேத்துதான் உலகத்துக்கே அப்டேட் அனுப்பினோம். ஊருக்கெல்லாம் அடைச்சிட்டு வந்து பாத்தா எங்கம்மா கோயில்ல தெறந்து கெடக்குது!"

"அப்டேட்டெல்லாம் தானா வருதே கண்ணு. வந்துடுச்சின்னு பச்சையா காட்டுதே."

"வந்துடுச்சி. நீ புதுப் பூட்டு வாங்கி பீரோவுக்குள்ள வெச்சிருக்க. வாசக்கதவுல பழைய பூட்டுதான் தொங்குது. ரீஸ்டார்ட் பண்ணாத்தான் புதுசு மாறும். நீ கடைசியா எப்ப ரீஸ்டார்ட் பண்ண?"

"அது எதுக்குடி பண்ணணும்? அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. அப்புறம் பொறுமையாக எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கம்ப்யூட்டருக்குள்ளே எந்த புரோகிராமுக்கு எது வேணும் என்றாலும் கர்னலிடம்தான் கேட்டு வாங்கணும். யாரை எதுவரைக்கும் உள்ளே விடலாம் என்று அதுதான் பார்க்கும். இந்த ஓட்டை வழியாக வந்தால், வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நிற்க வேண்டிய ஆள் யாரையும் கேட்காமல் கருவறைக்குள்ளேயே போய்விடலாம். அப்புறம் நகையைக் கழட்டினாலும் கேட்பாரில்லை.

"நகையெல்லாம் பேங்க் லாக்கர்ல இருக்குது" என்றேன்.

"அம்மா! அந்தப் பெட்டியில கோயில் மெம்பருங்க லிஸ்ட் இருக்கு. அட்ரஸ் இருக்கு. எத்தனையோ பேரோட விசாத் தாள் காப்பி இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போரில் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்த சனங்க. ஒரு கையெழுத்துப் போடவே நாலு தடவை யோசிக்கிறவங்க, கோயில் என்று நம்பிக் கொடுத்த தாள். அதைத் திறந்த வீட்டில் போட்டுவிட்டு நான் திருநீறு பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. அணைஞ்சு தானா எரியும். இப்பவே தட்டு."

கையை நீட்டினேன். நீட்டின கை நின்றுபோச்சு. ரெண்டு நிமிஷம். நான் சாமிக்குக் கொடுத்த வாக்கு ஒரு நிமிஷம்.

"குழந்தை பொறக்கட்டும் கண்ணு, அப்புறமா..."

"இதுக்கும் குழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சொல்லவும் முடியவில்லை. மெல்லவும் முடியவில்லை. "சாம்பார் தீயுது" என்று போனை வைத்துவிட்டேன். கோயிலில் ஏது சாம்பார்?

5

மூணு நாள் தவித்தேன். அணைத்தால் மகளுக்கு ஆகாது. அணைக்காவிட்டால் ஊராருக்கு ஆகாது. கார்த்திகா விடவில்லை, காலையும் மாலையும் போன். "அணைக்காம ஓடும்போதே ஓட்டையைத் தைக்கிற வழியும் இருக்கும்மா, ஆனா உங்க பெட்டியில அதுக்குத் தோது இல்ல" என்றாள். எங்கள் கோயில் குருக்களிடம் மெதுவாக விசாரித்தேன், வேண்டுதலைச் சொல்லாமல். யாழ்ப்பாணத்துப் பெரியவர், அவசரப்பட்டு எதையும் சொல்லமாட்டார்.

"ஐயா, மூலவருக்கு எதிர்ல எரியிற விளக்கை ஒரு காரணத்துக்காக அணைக்கணும்னா என்ன பண்றது?"

"ஏன் பிள்ளை அணைக்கிறீர்? திருப்பணி ஏதும் செய்யப் போறீரோ?"

திருப்பணி! அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பளிச்சென்று ஆனது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருப்பணி நடந்தபோது பாலாலயம் செய்தார்கள். அம்மனோட சக்தியைக் கலசத்தில் இறக்கி, பக்கத்தில் தகரப்பந்தல் போட்டு அங்கே வைத்துப் பூஜை நடத்தினார்கள். உள்ளே கொத்தனார் சுவரை இடிக்கிறார், வெளியே பந்தலில் தீபாராதனை நடக்கிறது. ஒரு வேளைப் பூஜை நிற்கவில்லை. வேலை முடிந்ததும் அம்மனைத் திரும்ப உள்ளே எழுந்தருளப் பண்ணினார்கள். அந்த ஒரு வருஷம் ஊரே தகரப்பந்தலுக்குத்தான் பொங்கல் வைத்தது, அம்மன் ஒரு குறையும் வைக்கவில்லை.

உடனே கார்த்திகாவுக்குப் போன்.

"ஏண்டி, தரிசனத்தை வேற ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு, அது ஓடும்போது இதை அணைச்சு எரியவிட்டு, திரும்ப இதுக்கே ஏத்த முடியுமா?"

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. பாலாலயம்."

"எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய மெஷினுக்கெல்லாம் இதைத்தாம்மா பண்றோம்! ஒண்ணை எரியவிட்டுட்டுத்தான் இன்னொண்ணை அணைப்போம்." அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், ரெண்டு பேருக்கும் அடங்கவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு என் லேப்டாப்போட வர்றேன். நேரம் மட்டும் சொல்லு."

நேரம் குறிப்பதுதான் பெரும்பாடு. இங்கே பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. தம்பி மாதையன் ஊர்க் காலண்டரைப் பார்த்து, அங்கே மூணு மணிக்கு எமகண்டம் என்றான். கார்த்திகா வந்து சேரவே பத்தே கால் ஆகும், அப்போது அங்கே ரெண்டே முக்கால். ரெண்டும் பிறப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் கிடைத்தது.

"கால் மணி போதுமாடி?"

"எந்த நாட்டு ராகு காலம்மா பாக்கணும்? பெட்டி இங்க இருக்கு, பாக்கறவங்க அங்க இருக்காங்க."

"ரெண்டையும் பாத்தாச்சு. நீ வேலையைப் பாரு."

குருக்கள் ஐயாவிடம் போய் முழு விவரமும் சொன்னேன், வேண்டுதலை மட்டும் விட்டுவிட்டு. கண்ணை மூடி யோசித்தார். "ஆகமத்தில கம்பியூட்டருக்குப் பாலாலயம் எண்டு ஒண்டும் இல்லை, பிள்ளை. செய்யக்கூடாது எண்டும் இல்லை. தேங்காயை மட்டும் தள்ளி நிண்டு உடையுங்கோ, தண்ணி பட்டால் எல்லாமே போயிடும்."

6

வெள்ளிக்கிழமை வயிற்றைத் தாங்கிக்கொண்டு கார்த்திகா வந்தாள். வாசலில் ஷூவைக் குனிந்து கழட்ட முடியவில்லை, நான் கழட்டிவிட்டேன். உள்ளே வந்து முருகனைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். கும்பிட்டாளா இல்லையா தெரியாது. நான் பார்க்காத மாதிரி கற்பூரத்தைத் தேடினேன்.

லேப்டாப்பை ஒரு முக்காலியில் வைத்து, அதன் கேமரா சாமியைப் பார்க்கிற மாதிரி திருப்பினாள். என்னவோ தட்டினாள். "இப்ப லேப்டாப்புல இருந்து போவுது. மாமா போன்ல தெரியுதான்னு கேளு."

மாதையன் வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டி சாந்தாவும் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "தெரியுதுக்கா! சாமி கொஞ்சம் பக்கவாட்டுல நிக்கிறாரு, ஆனா ஜோரா தெரியுது!"

சக்தி இறங்கியாச்சு. குருக்கள் ஐயா மணியடித்தார். லேப்டாப்பும் இப்போது சாமி அம்சம்தானே, மொட்டையாக விடலாமா? கடையில் வாங்கி நானே கட்டின சாமந்திச் சரத்தை அதன் தலையில், இடது ஓரமாகச் செருகிச் சாத்தினேன். கார்த்திகா பெட்டிப் பக்கம் திரும்பி இருந்தாள். "அம்மா, நீயே தட்டு. உன் பெட்டி" என்றாள்.

சரவணபவ என்று சொல்லித் தட்டிவிட்டேன். திரை கறுத்தது. பெட்டிக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்றது. அத்தனை மாசத்தில் முதல் தடவையாக அந்தக் கொட்டகை அப்படி அமைதியானது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

போன் அடித்தது.

"அக்கா! சாமியக் காணம்!"

"என்னடா சொல்ற?"

"மஞ்சளா என்னமோ அடைச்சிக்கிட்டு நிக்குது, சாமியே தெரியல!"

திரும்பிப் பார்த்தால், நான் சாத்தின சரம் சரிந்து கேமரா மேலேயே விழுந்து கிடக்கிறது. பெட்டியும் இருட்டு, இதிலும் சாமி இல்லை. என் கையாலேயே தரிசனத்தை மறைத்திருக்கிறேன். "போச்சே! முருகா, பிள்ளைக்காக வேண்டிக்கிட்டதைக் கெடுத்துட்டேனே!" என்று வாய்விட்டு அலறிவிட்டேன்.

"எந்தப் பிள்ளைக்கும்மா?" என்றாள் கார்த்திகா.

அப்புறம் எதை மறைப்பது? அழுதுகொண்டே எல்லாத்தையும் கொட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை போனதை நினைச்சா இத்தனை மாசமா தனியா பயந்துட்டு இருந்த?" என்றாள். "நானும்தாம்மா பயந்துட்டு இருக்கேன். தெனமும்."

போன் இன்னும் வைக்காமல் இருந்தது. சாந்தாவின் குரல் வந்தது.

"அண்ணி, எதுக்கு அழுவறீங்க? சாமி கேக்காமயே பூ குடுத்திருக்குது, அதைப் போயி அழுவறீங்களே!"

நம்ம பக்கத்து வழக்கம் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதற்கும் முன்னால் குலசாமி தலையில் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்போம். வலது பக்கம் விழுந்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. இடது பக்கம் விழுந்தால் காரியத்தைத் தள்ளிப் போடணும். எத்தனை பேர் அரை நாள் நின்றும் பூ விழாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள்!

"பூ எந்தப் பக்கத்துல இருந்து வந்து விழுந்துச்சு?" என்று மாதையன் கத்தினான். "அதைச் சொல்லுங்க மொதல்ல!"

அதற்குள் பெட்டியின் விசிறி சுற்ற ஆரம்பித்தது. திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது. கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் பார்த்தாள். "புது கர்னல் ஓடுதும்மா. ஓட்டை அடைஞ்சிடுச்சு." பெட்டியின் கேமராவில் முருகன் திரும்ப நேராக நின்றார். இண்டூரில் ரெண்டு பேரும் அரோகரா போட்டார்கள்.

"எந்தப் பக்கம்னு சொல்லல இன்னும்!" மாதையன் விடுகிறவன் இல்லை.

கார்த்திகா முக்காலிப் பக்கம் போனாள். சரம் கிடந்த கிடையைப் பார்த்தாள், முடிச்சு எந்த மூலையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தாள். எதையும் இருபது தடவை சோதித்துப் பார்க்காமல் சரி என்று சொல்லாத பெண் அவள், அதுதான் அவள் பிழைப்பே. என்னவோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம்தான் மாமா" என்றாள்.

அந்தப் பக்கம் சாந்தா குலவை போட்டாள். குருக்கள் ஐயா விபூதித் தட்டை நீட்டினார். கார்த்திகா தானே எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை வயிற்றில் தடவினாள்.

அந்தச் சரத்தை எந்தப் பக்கம் செருகினேன் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டேன், வலது பக்கமாக.